மகள்கள் வழி வந்த பட்டம்: ஒரு சார்பதிவாளரின் இங்கிலாந்து நாட்குறிப்பு

முதல் நாள்: ரெடிங்

பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன், ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் முதலில் எழுத்தைத்தான் பார்ப்பான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூத்த மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஆக்ஸ்போர்டுக்கு அருகில் உள்ள பிளெனிம் அரண்மனைக்கு, எல்லோரையும் போல வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்த அறையைப் பார்க்கத்தான் போனோம். திரும்பும் நேரத்தில், ஏரிக்கு அப்பால் புல்வெளியில் ஒற்றையாக நிற்கும் வெற்றித் தூணின் பீடத்தில் எழுத்து அடர்ந்திருப்பது கண்ணில் பட்டது. பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டோம். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அது என்ன எழுத்து என்று படித்துத் தெரிந்துகொண்டேன்: மார்ல்பரோ டியூக் என்ற பட்டமும் அதைச் சார்ந்த சொத்தும் யாருக்கு, எந்த வரிசையில் போய்ச் சேர வேண்டும் என்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் வாசகம். வாழ்நாள் முழுவதும் பத்திரம் படித்தவன், நூறு அடிக்கும் மேல் உயரமான ஒரு பத்திரத்தைப் படிக்காமல் விட்டுவிட்டேன் என்ற உறுத்தல் அன்றிலிருந்து போகவில்லை. இந்தப் பயணம் அதற்காகத்தான்.

படிக்கிறவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களில் டியூக் முதல் படி. அதற்குக் கீழே மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன். கடைசிப் பட்டத்தைத் தமிழில் எழுதினால் மகனின் மகன் என்றே படிக்கத் தோன்றும். ஆண் வாரிசைத் தேடி அலைந்த இந்தக் குடும்பங்களுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு பட்டம் யாருக்குப் போகும் என்பதை அதை வழங்கிய அரச பட்டயத்தின் வாசகமே முடிவு செய்கிறது. பெரும்பாலான பட்டயங்கள் ‘உடலிற் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு’ என்று முடிந்துவிடும். ஆண் வழி அற்றால் பட்டமும் அற்றது. வைத்திருப்பவர் அதை விற்க முடியாது. உயில் எழுதி வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. பிடிக்காத மகனுக்குப் போகாமல் தடுக்கவும் முடியாது. எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு சொத்து பதிவுக்கு வந்ததே இல்லை.

மகள் வீட்டிலிருந்து மாலையில் நடந்து போன இடமும் இந்தக் கதைக்குள்ளேயே அமைந்தது தற்செயல். ரெடிங் பல்கலைக்கழகம் இருக்கும் வொயிட்நைட்ஸ் தோட்டம், பின்னாளில் 5ஆவது மார்ல்பரோ டியூக் ஆன ஜார்ஜ் ஸ்பென்சரின் பண்ணையாக இருந்தது. 1798இல் இதை வாங்கிய அவர் உலகத்தில் உள்ள அரிய செடிகளையெல்லாம் கொண்டுவந்து நட்டார். 1471இல் அச்சான ஓர் இத்தாலியக் கதைப் புத்தகத்தை 1812இல் ஏலத்தில் 2,260 பவுனுக்கு எடுத்தார். 1819இல் எல்லாவற்றையும் கடனுக்குப் பறிகொடுத்தார். அந்தப் புத்தகத்துக்குப் பாதி விலைகூடக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில், 1817இல் தந்தை இறந்ததும், ஒரு தடையும் இல்லாமல் டியூக் ஆனார். திவாலானவரிடம் தோட்டம் தங்கவில்லை, பட்டம் தங்கியது. அந்த ஆண்டிலேயே ஸ்பென்சர் என்ற தம் குடும்பப் பெயரோடு சர்ச்சில் என்பதையும் சேர்த்துக்கொள்ள அரச அனுமதி பெற்றார். டியூக் குடும்பத்துக்குச் சர்ச்சில் என்ற பெயர் ஏன் இடையில் விட்டுப் போயிற்று என்பதற்கு விடை நாளை போகும் ஊரில் இருக்கிறது.

இரண்டாம் நாள்: கேம்பிரிட்ஜ்

கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்துக்குள் நுழைபவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். கல்லில் விசிறி விரித்தது போன்ற அந்தக் கூரையை நானும் பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு பக்கவாட்டில் வரிசையாக உள்ள சிறு வழிபாட்டறைகளில் தேடத் தொடங்கினேன். மகள்தான் முதலில் கண்டுபிடித்துக் கையசைத்தாள். ஜான் சர்ச்சில், பிளாண்ட்ஃபோர்டு மார்க்விஸ். இந்தக் கல்லூரியின் மாணவன். 1703 பிப்ரவரி 20 அன்று பெரியம்மையில் இறந்தபோது வயது பதினேழு.

இவனுடைய தந்தையும் ஜான் சர்ச்சில்தான். 1650இல் டெவன் மாவட்டத்தில், உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று நொடித்துப்போன ஒரு குடும்பத்தில் பிறந்து, படைத் திறமையாலும் அரசவைச் சாமர்த்தியத்தாலும் படிப்படியாக ஏறியவர். மனைவி சாரா ஜென்னிங்ஸ், ஆன் இளவரசிக்கு உயிர்த்தோழி. 1689இல் ஜான் மார்ல்பரோ ஏர்ல் ஆனார். மார்ல்பரோ என்ற ஊருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தாய் வழியில் தூரத்து உறவான லே குடும்பத்திடம் இருந்து, 1679இல் வாரிசின்றி முடிந்த ஏர்ல் பட்டத்தின் பெயரை எடுத்துப் புதிதாகச் சூடிக்கொண்டார். வாரிசில்லாமல் அழிந்த பட்டத்தின் பெயரையே தேர்ந்தெடுத்தது அபசகுனம் என்று நம் பக்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஆன் அரசியானதும், 1702 டிசம்பரில், அவர் டியூக் ஆக்கப்பட்டார். டியூக்கின் மூத்த மகனுக்குத் தந்தையின் அடுத்த பட்டத்தை மரியாதைக்காகச் சூட்டி அழைப்பது வழக்கம் என்பதால், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன் பிளாண்ட்ஃபோர்டு மார்க்விஸ் ஆனான். இரண்டு மாதங்கள் கழித்து அம்மை கண்டது. அரசி தம்முடைய மருத்துவர்களையே அனுப்பிவைத்தார். சாரா வந்து மகன் அருகில் இருந்தார். தந்தையும் பின்னால் விரைந்து வந்தார். பலன் இல்லை. இன்னொரு மகன் சார்லஸ் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே குழந்தையாக இறந்துவிட்டான். எஞ்சியவர்கள் ஹென்ரியட்டா, ஆன், எலிசபெத், மேரி என்ற நான்கு மகள்கள். சாராவுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.

ஆக, இரண்டு மாதக் கைக்குழந்தையான ஒரு டியூக் பட்டம் அந்த அறையிலேயே செத்துப்போகக் காத்திருந்தது. பிளெனிம் அரண்மனைக்குக் காரணமான பிளிண்ட்ஹைம் போரை இந்தத் தந்தை வெல்லப்போவதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது.

வெளியே வந்து ஆற்றங்கரைப் புல்வெளியில் அமர்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். பதினேழு வயதுப் பையன்கள் சிலர் சிரித்துக்கொண்டே படகைத் துழாவிக்கொண்டு போனார்கள். மகள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள்: கிரேட் பிரிங்டன்

கதையின் வரிசைப்படி இந்த ஊர் நாளைக்குப் பிறகுதான் வர வேண்டும். கேம்பிரிட்ஜிலிருந்து ஆக்ஸ்போர்டு போகும் வழியில் நார்தாம்ப்டன் பக்கம் வண்டியைத் திருப்பியதால் முந்திக்கொண்டது. செம்மண் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், ஒரு மதுக்கூடம், மேட்டில் ஒரு தேவாலயம். அவ்வளவுதான் ஊர். தேவாலயத்தின் ஒரு பக்கத்தை இரும்புக் கிராதி போட்டு அடைத்து, அதற்குள் ஸ்பென்சர் குடும்பத்தார் ஐந்நூறு ஆண்டுகளாகப் படுத்திருக்கிறார்கள். பக்கத்து ஆல்தோர்ப் மாளிகை அவர்களுடையது. வேல்ஸ் இளவரசி டயானா அடக்கமாகியிருப்பது அந்த மாளிகைத் தோட்டத்து ஏரித்தீவில். தேவாலயத்தில் அவரைத் தேடி வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

மார்ல்பரோ டியூக்கின் இரண்டாவது மகள் ஆன், சண்டர்லண்ட் ஏர்ல் ஆன சார்லஸ் ஸ்பென்சரை மணந்து இந்தக் குடும்பத்துக்கு வந்தவள்; தாய் தந்தை இருவருக்கும் முன்பே, 1716இல் இறந்துவிட்டாள். அவளுடைய மூத்த மகன் ராபர்ட் 1729இல் இறந்தான். அடுத்தவன் சார்லஸ் சண்டர்லண்ட் ஏர்ல் ஆகி, 1733இல் பெரியம்மா ஹென்ரியட்டா இறந்ததும் 3ஆவது மார்ல்பரோ டியூக்கும் ஆனான். பெரிய பட்டம் கிடைத்ததும் ஆல்தோர்ப்பை இளையவன் ஜானுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது குடும்ப ஏற்பாடு. அப்படித்தான் ஒரே தாயின் வயிற்றிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. மூத்தவன் கிளையில் வின்ஸ்டன் சர்ச்சில், இளையவன் கிளையில் டயானா.

பாட்டி சாராவுக்கு மூத்த பேரனைப் பிடிக்காது. தம் கணவரின் அரசியல் பகைவர் ஒருவரின் குடும்பத்துப் பெண்ணை அவன் மணந்துகொண்டதை அவர் மன்னிக்கவே இல்லை. தாமே சம்பாதித்துச் சேர்த்த பெருஞ்செல்வத்தை ஜானுக்கு எழுதிவைத்தார். அரசாங்கத்தில் எந்தப் பதவியும் ஏற்கக் கூடாது என்று அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டார். இத்தனை அதிகாரம் படைத்த பாட்டியாலும் மூத்தவனிடமிருந்து பட்டத்தைப் பிடுங்க முடியவில்லை. அது அவர் கையில் இல்லை, கல்லில் எழுதியாகிவிட்டது. எழுதவைத்தவரே அவர்தான்.

நான்காம் நாள்: உட்ஸ்டாக், பிளெனிம்

உட்ஸ்டாக்கில் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு முதியவரிடம் வழி கேட்கும்போது ‘பிளென்ஹைம்’ என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவர் பணிவோடு ‘பிளெனிம்’ என்று திருத்தினார். மூல ஊரின் பெயரோ இரண்டுமில்லை. தென் ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள பிளிண்ட்ஹைம் கிராமத்தில், 1704 ஆகஸ்ட் 13 அன்று மார்ல்பரோவும் சவாய் இளவரசர் யூஜினும் சேர்ந்து பிரான்ஸின் 14ஆம் லூயியின் படையை முறியடித்தார்கள். அதற்குப் பரிசாக அரசி ஆன் உட்ஸ்டாக் பண்ணையைக் கொடுத்தார். அரண்மனைக்கும் பணம் தருவதாக ஏற்பாடு. 1712இல் அரசியுடன் ஏற்பட்ட பிணக்கில் பணம் நின்றது. பிறகு டியூக் தம் செலவில் தொடர்ந்தார். கட்டடக் கலைஞர் வான்பிரோ, சாராவுடன் மோதி 1716இல் விலகிக்கொண்டார். அரண்மனையைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

நுழைந்ததும் அரண்மனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராகத் தூணை நோக்கி நடந்தோம். பெரிய பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, செம்மறியாடுகள் மேயும் புல்லில் போக வேண்டும். இரவில் பெய்த மழையில் காலணி நனைந்து சாக்ஸ் வரை ஈரம் ஏறிவிட்டது. தூண் 134 அடி. உச்சியில் ரோமானியத் தளபதி வேடத்தில் டியூக், காலடியில் கழுகுகள். டியூக் 1722இல் காலமான பிறகு, 1730இல் சாரா இதை முடித்தார். பீடத்தின் ஒரு முகத்தில் போர்களின் புகழுரை. மற்ற மூன்று முகங்களிலும், நான் இரண்டு ஆண்டுகள் காத்திருந்த எழுத்து.

தலைக்கு மேலே உள்ள வரிகளைப் படிக்கக் கைப்பேசிக் கேமராவை நீட்டி நீட்டிப் படமெடுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் பாசி. மகள் திரையில் படிக்க, நான் கேட்டுக்கொண்டேன். அலுவலகத்தில் எழுத்தர் படிக்க மூலப்பத்திரத்தோடு ஒத்துப்பார்க்கும் அதே முறைதான். படைத்தலைவரின் சேவையைப் போற்றும் முகவுரை, கொடையின் விவரம், பிறகு சொத்தும் பட்டங்களும் மகள்களின் வழித்தோன்றல்களுக்கு எப்படி இறங்கும் என்ற சுருக்கம்.

1706இல், டியூக் ராமிலி போரை வென்ற ஆண்டின் இறுதியில், நாடாளுமன்றம் செய்தது இதுதான். டியூக்குக்கு இனி மகன் பிறந்தால் அவனுக்கும் அவன் ஆண் வழிக்கும். இல்லையேல் மூத்த மகள் ஹென்ரியட்டாவுக்கும் அவள் வயிற்று ஆண் வழிக்கும். அதுவும் அற்றால் இரண்டாம் மகள், அவள் ஆண் வழி. பிறகு மூன்றாமவள், நான்காமவள். அதோடும் நிற்காமல், டியூக்கின் வழியில் ஆணோ பெண்ணோ ஓர் உயிர் மிஞ்சியிருக்கும் வரை பட்டம் தொடர வேண்டும் என்பதே நோக்கம் என்று முடிகிறது அந்த ஏற்பாடு. பட்டத்தின் கௌரவத்தைத் தாங்குவதற்கு ஆண்டுக்கு 5,000 பவுன் ஓய்வூதியமும் உட்ஸ்டாக் பண்ணையும் பட்டத்தோடு பிணைக்கப்பட்டன. நம் பத்திரங்களில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்’ என்று எழுதுவோம். எழுத்தர் பழக்கத்தில் எழுதுவது. பெண் வாங்கிய கிரயத்திலும் அதே வரிதான் இருக்கும். இங்கே ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து, புத்திரி என்ற சொல்லை யோசித்து நுழைத்திருக்கிறது. பெண்ணுரிமைக்காகச் செய்ததில்லை என்பதும் தெரிந்ததுதான். வென்ற தளபதியின் பெயர் அழியக் கூடாது. அதற்கு மகள்கள் ஒரு பாலம்.

இந்தச் சட்டத்துக்குள் வராத பட்டம் ஒன்றும் உண்டு. 1682இல் ஸ்காட்லாந்தில் கிடைத்த ஐமத் பிரபு பட்டம் ஆண் வழிக்கு மட்டும் என்று இருந்ததால், 1722இல் அவரோடு சேர்ந்து அடங்கிவிட்டது. மற்றப் பட்டங்களுக்கும் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

1722 ஜூனில் ஹென்ரியட்டா தன் சொந்த உரிமையில் மார்ல்பரோ டச்சஸ் ஆனாள். அவள் கணவர் கடோல்ஃபின் ஏர்ல் டியூக் ஆகவில்லை. மனைவியின் பட்டம் கணவனுக்கு ஏறாது. வீடும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பிளெனிம் மீது சாராவுக்கு ஆயுட்கால அனுபவ உரிமை எழுதப்பட்டிருந்தது. சாராவோ 1744இல், எண்பத்து நான்காம் வயதில்தான் கண்ணை மூடினார். தாய்க்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நாடகாசிரியர் வில்லியம் கான்கிரீவுடன் ஹென்ரியட்டாவுக்கு இருந்த உறவு ஊரறிந்தது. அவளுடைய ஒரே மகன் வில்லியம் 1731இல் ஆக்ஸ்போர்டில் குடித்துக் குடித்தே செத்தான். 1733இல் அவளும் போனதும், சட்டத்தின் அடுத்த வரி தானாக இயங்கியது: இரண்டாம் மகள் ஆன் உயிரோடு இல்லை, அவள் ஆண் வழி சார்லஸ் ஸ்பென்சர். சர்ச்சில் என்ற பெயர் டியூக்குகளிடமிருந்து போனதும், முதல் நாள் எழுதியபடி 1817இல் ஒட்டுப்போட்டுத் திரும்பியதும் இதனால்தான்.

மதியத்துக்கு மேல் அரண்மனைத் தேவாலயத்துக்கு வந்தோம். முதல் டியூக்கின் உடல் முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைக்கப்பட்டு, சாரா இறந்த பிறகே இங்கு கொண்டுவரப்பட்டது. வில்லியம் கென்ட் வரைந்து ரிஸ்பிராக் செதுக்கிய பளிங்குக் கல்லறை சுவரையே நிறைக்கிறது. மேலே ரோமானிய உடையில் டியூக், பக்கத்தில் சாரா, அவர்களோடு இரண்டு மகன்கள். கீழே கல்பெட்டிக்கு அடியில் நசுங்கும் டிராகன், பொறாமையின் உருவமாம். இருபுறமும் புகழுக்கும் வரலாற்றுக்கும் ஒவ்வொரு சிறகு முளைத்த பெண்.

மகள் வலப்பக்கம் போய்ப் பார்த்தாள், இடப்பக்கம் வந்து பார்த்தாள்.

“பொண்ணுங்க எங்கப்பா?”

இல்லை. இரண்டு வயதில் போன சார்லஸ் இருக்கிறான், கேம்பிரிட்ஜில் புதைந்த ஜான் இருக்கிறான். இந்த வீடும் பட்டமும் யாரால் கைமாறி வந்ததோ அந்தப் பெண்கள் நால்வரில் ஒருத்தியும் இல்லை. கல்லறை முடிந்த ஆண்டு 1733. அதாவது ஹென்ரியட்டா இறந்த ஆண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மகள்களின் வரிசையைத் தூணில் வெட்டவைத்த அதே சாரா, வீட்டுக்குள் குடும்பப் படம் என்று வரும்போது மகன்களை மட்டும் நிறுத்தியிருக்கிறார். பத்திரத்தில் பெயர் உண்டு, படத்தில் இடம் இல்லை. பல வீடுகளில் இதைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறேன்: சுவரில் மாலை போட்ட படத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள், விடுதலைப் பத்திரத்தில் பெண்கள் கையெழுத்துப் போட்டு வெளியே போயிருப்பார்கள்.

ஐந்தாம் நாள்: பிளாடன்

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1733க்குப் பிறகு இன்றைய 12ஆவது டியூக் வரை பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கே இறங்கியிருக்கிறது. மகள்களுக்கான ஷரத்து மறுபடி தேவைப்படவே இல்லை. ஆனாலும் அந்த வரிசை முடிந்துவிடவில்லை. இப்போதைய கிளையின் ஆண்கள் அனைவரும் அற்றுப்போனால், அதே ஆனின் ஆண் வழி என்ற முறையில் ஆல்தோர்ப் ஸ்பென்சர்கள் வந்து நிற்பார்கள்.

பட்டம் தடங்கலின்றி நடந்தாலும் சொத்து கரைந்துகொண்டே வந்தது. 7ஆவது டியூக் 1875இல் உருவம் செதுக்கிய மணிக்கற்களின் தொகுப்பை விற்றார். பிறகு 1880இல், கட்டிப்போட்ட சொத்தை விற்க வழி செய்யும் தனிச் சட்டம் ஒன்றைப் பெற்று, சண்டர்லண்ட் நூலகத்தையும் ஏலம் விட்டார்கள். 8ஆவது டியூக் 1885இல் ரஃபேல் வரைந்த அன்னைமரி ஓவியத்தை 70,000 பவுனுக்கு நாட்டின் தேசிய ஓவியக்கூடத்துக்கு விற்றார். 1892இல் அவர் திடீரென்று இறந்தபோது 9ஆவது டியூக் ஆன சார்லஸுக்கு வயது இருபது. ‘சன்னி’ என்பது அவரது செல்லப்பெயர். சிரித்த முகத்தால் வந்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். சிறுவயதில் சண்டர்லண்ட் ஏர்ல் என்று அழைக்கப்பட்டதன் சுருக்கம் அது. 1895 நவம்பரில் நியூயார்க்கில், ரயில்வே செல்வரின் மகளான பதினெட்டு வயது கான்சுவேலோ வாண்டர்பில்ட்டை அவர் மணந்தார். பெண் வேறொருவரை விரும்பினாள்; தாய் அடைத்துவைத்துச் சம்மதிக்கவைத்தாள். 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள் வரதட்சணை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

புது மருமகள் இங்கிலாந்துக்கு வந்ததும், டியூக்கின் பாட்டியான முதிய டச்சஸ் பிரான்சஸ் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, உன் முதல் கடமை ஒரு மகனைப் பெறுவது, அந்தத் துடுக்குப் பயல் வின்ஸ்டன் டியூக் ஆவதைச் சகிக்க முடியாது என்று சொன்னாராம். கான்சுவேலோ பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வின்ஸ்டனும் அந்தப் பாட்டிக்குச் சொந்தப் பேரன்தான், மகன் ராண்டால்ஃபின் பிள்ளை. 1895 ஜனவரியில் ராண்டால்ஃப் இறந்ததிலிருந்து, சன்னிக்கு மகன் பிறக்கும் வரை, அடுத்த வாரிசு வின்ஸ்டன்தான். 1896 அக்டோபரில் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்த அந்த இளைஞர், ஒரு டியூக் பட்டத்துக்கு ஒரே ஓர் உயிர் தூரத்தில் இருந்தார். 1897 செப்டம்பர் 18இல் கான்சுவேலோ ஆண் குழந்தை பெற்றார். அதற்கு இரண்டு நாள் முன்பு வின்ஸ்டன் வடமேற்கு எல்லையில் மாமுந்த் பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இருந்தார்.

பிளெனிமுக்கு அருகில் உள்ள பிளாடன் ஊரின் தேவாலய முற்றத்தில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு இது. சன்னி இறந்தது 1934 ஜூன் 30. கான்சுவேலோவுக்கு மகன்கள் இல்லாமல் போயிருந்தால், அன்றே ஐம்பத்தொன்பது வயது வின்ஸ்டன் 10ஆவது மார்ல்பரோ டியூக். மக்களவை உறுப்பினர் பதவி அந்தக் கணமே பறிபோயிருக்கும், ஏனென்றால் அன்று பிரபு ஒருவர் மக்களவையில் அமர முடியாது. பட்டத்தை வேண்டாம் என்று துறப்பதற்கு வழி செய்த சட்டம் வந்தது 1963இல்தான். 1940இல் பிரதமரைத் தேடியபோது இன்னொரு வேட்பாளரான ஹாலிஃபாக்ஸ், தாம் பிரபுக்கள் அவையில் இருப்பதையே ஒரு தடையாகச் சொன்னார். மீதியை வாசகரே யோசித்துக்கொள்ளலாம்.

இங்குள்ள சர்ச்சில் குடும்பக் கல்லறைகள் மிக எளிமையானவை. 1965 ஜனவரி 30 அன்று லண்டனிலிருந்து ரயிலில் அருகிலுள்ள ஹான்பரோ நிலையம் வரை கொண்டுவரப்பட்டு இங்கு அடக்கமான வின்ஸ்டனின் கல்லைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் நின்றது. நான் தேடியது வேறு. 1921இல் மணமுறிவு பெற்றுப் பிரெஞ்சுக்காரரான பால்சானை மணந்து, 1926இல் முதல் திருமணமே கட்டாயத்தால் நடந்தது என்று திருச்சபையிடம் செல்லாததாக்கிக்கொண்டு, மகிழ்ச்சியாக வாழ்ந்த கான்சுவேலோ, 1964இல் அமெரிக்காவில் இறந்து, இளைய மகன் ஐவர் பக்கத்தில் புதைக்கப்பட இங்கேயே திரும்பி வந்தார். அவருடைய கல்லில் பால்சான் என்ற பெயருக்குக் கீழே ஒரே ஒரு அடைமொழி: பத்தாவது மார்ல்பரோ டியூக்கின் தாய்.

மகள் அதைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள்.

ஆறாம் நாள்: விண்ட்சர்

நாளை மறுநாள் எனக்கு விமானம். விண்ட்சர் கோட்டை மாளிகை அறைகளில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும். காவலர் அறை ஒன்றில் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம்.

உட்ஸ்டாக் பண்ணை சும்மா கொடுக்கப்பட்டதில்லை. அதற்கு ஒரு குத்தகை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 13க்குள், போர் நடந்த நாளின் நினைவாக, மூன்று பொன்னிற லில்லிப் பூக்கள் பொறித்த வெண்பட்டுக் கொடி ஒன்றை மார்ல்பரோ டியூக் விண்ட்சரில் முடிக்குச் செலுத்த வேண்டும். பிரெஞ்சு மன்னரின் கொடி அது. இங்கே மார்ல்பரோவின் மார்பளவுச் சிலைக்கு மேலே அது தொங்குகிறது. இதே போல வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் டியூக்கின் வாரிசு, ஜூன் 18க்குள் மூவண்ணக் கொடியைக் கொடுக்க வேண்டும்; அதுவும் அவர் சிலைக்கு மேலே இருக்கிறது. மூன்றாவதாக வின்ஸ்டன் சர்ச்சிலின் சிலையும் உண்டு. டியூக் பட்டம் தர முன்வந்தபோது ஏற்காதவர்; அவருக்கு மேலே கொடி கிடையாது.

நான் அருகில் போய்க் கொடியின் தையலைப் பார்த்தேன். சிறிய கொடி, ஒரு மேசைத் துணி அளவுதான். பட்டு புதிது போலவே இருந்தது. ஓர் ஆண்டுகூட ஆகாததுதானே. 5,000 பவுன் ஓய்வூதியத்தை அரசு 1884இல் மொத்தத் தொகை கொடுத்து முடித்துக்கொண்டது. பிரபுக்கள் அவையில் இடம் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயிற்று. வீட்டு நிர்வாகம்கூட, 11ஆவது டியூக் 1994இல் நீதிமன்றம் சென்று செய்த ஏற்பாட்டின்படி, அறங்காவலர்களிடம் இருக்கிறது. 2014இல் அவர் இறந்ததும் பட்டம் மட்டும் யாரையும் கேட்காமல் மகனிடம் போய்ச் சேர்ந்தது, கூடவே இந்தக் கொடி கொடுக்கும் கடமையும்.

இன்று ஜூலை 29. “அடுத்தது கட்ட இன்னும் பதினைந்து நாள் இருக்கு,” என்றேன். மகள் சிரித்துக்கொண்டே, “பாக்கி இல்லைன்னு சான்று எழுதிக் குடுத்துடுங்கப்பா,” என்றாள். பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியது. அடுத்த அறைக்கு நகர்ந்தோம்.